ஏழாவது கோர் யாருக்குச் சொந்தம்? கணினி விளையாட்டு ஒன்றைக் கன்சோலுக்குக் கொண்டுசென்றபோது நடந்தவை

பின்னணி

எட்டுப் பேர் கொண்ட சிறு குழு ஒன்று, தனிக்கணினிக்காக எழுதி வெளியிட்டிருந்த தனது சாகச விளையாட்டை ஒரு வீட்டுக் கன்சோலுக்குக் கொண்டுசெல்ல முடிவு செய்தது. அந்தக் குழுவில் நினைவகக் கணக்கைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எந்தக் கன்சோல், எந்த விளையாட்டு என்று சொல்ல ஒப்பந்தம் இடம் தராது. எட்டு கோர் (தனித்தனியே வேலை செய்யும் கணிப்பு அலகு) கொண்ட செயலி, அந்தச் செயலியும் வரைகலைச் சில்லும் பங்குபோட்டுக்கொள்ளும் 8 ஜிபி நினைவகம் என்ற அமைப்பைத் தெரிந்துகொண்டாலே இந்தக் கதை புரியும். 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் இதே வார்ப்பில் பிறந்தவை.

எட்டு ஜிபி என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் விளையாட்டின் கைக்கு வந்தது ஏறத்தாழ 5 ஜிபி. எட்டு கோர்களில் ஆறு முழுமையாக எங்களுக்கு. எட்டாவது முழுமையாக இயங்குதளத்துக்கு. ஏழாவதில் எங்களுக்கு ஒரு பங்கு மட்டும் உண்டு. அந்த ஏழாவது கோரைப் பற்றி ஆவணத்தில் அரைப் பக்கம் இருந்தது. அதை நாங்கள் படித்தோம்; ஆனால் சொந்தப் பத்திரத்தைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படிக்கவில்லை.

ஒதுக்கீடு ஏன் இவ்வளவு பெரியது

பின்னால் வருபவை புரிய வேண்டுமானால் இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவிலேயே பாதிப் பேர், இயங்குதளம் எடுத்துக்கொள்ளும் பங்கை வீணடிப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

2005-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-இல் மொத்த நினைவகம் 512 எம்பி. இயங்குதளம் தனக்கென வைத்துக்கொண்டது 32 எம்பி. அடுத்த ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 3-இன் செல் செயலியில் எட்டுத் துணைச் செயலிகள் பொறிக்கப்பட்டிருந்தன. உற்பத்தியில் கழிவைக் குறைக்க ஒன்றை முடக்கினார்கள், ஒன்றை இயங்குதளம் எடுத்துக்கொண்டது, விளையாட்டுக்கு ஆறு மிஞ்சின. வெவ்வேறு விளையாட்டுகளில் இருக்கும் நண்பர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளும் வசதி எக்ஸ்பாக்ஸ் 360-இல் இருந்தது. பிளேஸ்டேஷன் 3-இல் கடைசிவரை வரவில்லை. அதற்கான நினைவகம் இல்லை என்பதுதான் அதைத் தயாரித்த சோனி நிறுவனத் தரப்பிலிருந்தே வந்த விளக்கம்.

விளையாட்டுகளுக்கு ஒருமுறை கொடுத்த நினைவகத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்பதுதான் இதில் சிக்கல். கடைசி மெகாபைட் வரை நிரப்பிக்கொண்டு ஏற்கெனவே விற்றுப்போன விளையாட்டுகள் அடுத்த நாளே உடைந்துவிடும். எனவே அடுத்த தலைமுறையில் எல்லோரும் முதலிலேயே அள்ளி வைத்துக்கொண்டார்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் 8 ஜிபியில் 3 ஜிபியை ஒதுக்கியது. 2012-இல் வந்த நின்டெண்டோவின் வீ யூ 2 ஜிபியில் சரிபாதியை. 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் தன் நான்கு கோர்களில் ஒன்றை இயங்குதளத்துக்கு வைத்துக்கொண்டது. பின்னால் தளர்த்துவது எளிது, இறுக்குவதுதான் முடியாத காரியம். எக்ஸ்பாக்ஸ் ஒன் வெளிவந்தபோது வரைகலைச் சில்லின் நேரத்தில் 10 சதவீதம் கினெக்ட் கேமராவுக்கும் இயங்குதளத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. 2014 ஜூனில் அது விளையாட்டுகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ஏழாவது கோரும் அப்படிப் பின்னாளில் திறக்கப்பட்டதுதான். 2016-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோ இன்னொரு வழியைப் பிடித்தது: மலிவான 1 ஜிபி நினைவகத்தைத் தனியாகச் சேர்த்து, பின்னணிச் செயலிகளை அங்கே ஒதுக்கி, வேகமான நினைவகத்தில் 512 எம்பியை விளையாட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்தது.

வாடகைக்கு வீடு விட்டவர் ஓர் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அறை இன்று காலியாக இருப்பதைச் சாவித்துவாரம் வழியாகப் பார்த்துவிட்டு உங்கள் சாமானை அங்கே அடுக்க முடியாது. நாங்கள் செய்தது ஏறத்தாழ அதுதான்.

முதல் ஏழு வாரங்கள்

கணினிப் பதிப்பு உச்சத்தில் 6 ஜிபிக்குமேல் எடுத்துக்கொண்டிருந்தது. கணினியில் இது யாருக்கும் உறுத்தாது. நினைவகம் நிரம்பினால் இயங்குதளம் கொஞ்சத்தைச் சேமிப்பு வட்டுக்கு மாற்றிவிட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். விளையாட்டு சற்றுத் திணறும், அவ்வளவுதான். நாங்கள் குறிவைத்த கன்சோலில் அந்தக் கருணை கிடையாது. வரம்பைத் தாண்டிக் கேட்டால் இல்லை என்ற பதில் வரும். அந்தப் பதிலை எதிர்பார்த்து எழுதப்படாத விளையாட்டு அங்கேயே விழுந்துவிடும்.

முதல் வாரத்திலேயே ஒரு தவறு நடந்தது. செய்தவன் நான். டெவ் கிட்டில், அதாவது நிரலாளர்களுக்கென்று தரப்படும் கன்சோலில், கடைக்கு வரும் கன்சோலைவிடக் கூடுதல் நினைவகம் இருக்கும். பிழை தேடும் கருவிகளுக்கு அது வேண்டும். கடைக் கன்சோலின் அளவை மட்டும் காட்டும்படி அதை மாற்றிவைக்கவும் ஓர் அமைப்பு உண்டு. பிழைத்தேடலுக்கான எங்கள் பதிப்பு அந்த அளவுக்குள் அடங்கவில்லை என்பதால் அந்த அமைப்பை அணைத்தேன். அடங்கும் நிலை வந்ததும் திரும்பப் போட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். நான்காவது வாரத்தில் திரையை மாற்றினார்கள். சீட்டு பழைய திரையோடு போய்விட்டது.

செயலி பக்கத்தில் ஒலி நிரலாளர் ஒரு நல்ல யோசனை சொன்னார். ஆறு கோர்களும் காட்சி, இயற்பியல், கூட்டத்தின் அசைவு என்று நிரம்பி வழிந்தன. ஏழாவது கோர் அளவீட்டில் எப்போதும் முக்கால்வாசி காலியாகத் தெரிந்தது. ஒலிக் கலவை செய்யும் திரெட்டை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத் தொடரை, அங்கே கட்டிப்போட்டால் மற்ற ஆறும் மூச்சுவிடும் என்றார். செய்து பார்த்தோம். ஃபிரேம் நேரம், அதாவது திரையில் ஒரு படத்தைத் தயாரிக்க ஆகும் நேரம், உடனே குறைந்தது. எல்லோரும் கைதட்டினோம்; நானும்தான்.

அறிகுறிகள்

எட்டாவது வாரத்தில் முன்னோட்டப் பதிப்பு வெளியாட்கள் 12 பேரிடம் போனது. எல்லோரும் கடைக் கன்சோலில் விளையாடுபவர்கள். முதல் வார இறுதியில் ஐந்து புகார்கள் வந்தன. மூன்று பேருக்கு ஒலியில் கரகரப்பு. சில நொடிகள் பொரிவதுபோல் கேட்டுத் தானாக நிற்கிறது. இரண்டு பேருக்கு விளையாட்டு திடீரென மூடிக்கொள்கிறது. இருவருக்குமே துறைமுகத்திலிருந்து கோட்டைக்குள் நுழையும் இடத்தில்.

எங்கள் அறையில் இவற்றில் ஒன்றுகூட நிகழவில்லை. நான்கு டெவ் கிட்டுகளை இரவு முழுவதும் ஓடவிட்டோம். எதுவும் விழவில்லை.

தவறான இடங்களில் தேடியது

கரகரப்புக்கு ஒலி நூலகத்தைச் சந்தேகித்தோம். அதன் பழைய பதிப்புக்குத் திரும்பினோம், ஒலிக்கோப்புகளின் சுருக்கத்தை மாற்றினோம், ஒரே நேரத்தில் ஒலிக்கும் சத்தங்களின் எண்ணிக்கையைக் குறைத்தோம். ஒன்பது நாள்கள் போயின. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் எங்கள் அறையில் ஒலி அருமையாக இருந்தது. மாற்றத்துக்கு முன்பும் அப்படித்தான் இருந்தது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை.

மூடிக்கொள்வதற்கு நினைவகக் கசிவு காரணமாக இருக்கும் என்று நான் சொன்னேன். நீண்ட நேரம் விளையாடினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வெடிக்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் ஒருவருக்கு விளையாட்டைத் தொடங்கி நாற்பது நிமிடத்திலேயே அது நடந்திருந்தது. அந்தத் தகவல் என் கணிப்புக்குப் பொருந்தவில்லை. அதனால் அதை அடிக்குறிப்பாக ஒதுக்கினேன். பொருந்தாத தகவலை ஓரங்கட்டும் பழக்கம் எனக்கு மட்டும் உரியதல்ல என்று நம்புகிறேன்.

ஒரு கேள்வி

முடிச்சை அவிழ்த்தவர் குழுவிலேயே இளையவரான சோதனையாளர். அவர் 12 பேருக்கும் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்: “அந்த நேரத்தில் விளையாட்டைத் தவிர கன்சோலில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது?”

கரகரப்பு கேட்ட மூவரும் தலையணி மாட்டிக்கொண்டு நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கேட்காதவர்களில் ஒருவர்கூடப் பேசிக்கொண்டிருக்கவில்லை.

நாங்கள் எட்டுப் பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் பேச யாரும் கன்சோலின் குரல் அரட்டையைத் திறப்பதில்லை. ஏழு வாரத்தில் ஒருமுறைகூட எங்களில் யாரும் அதைத் திறந்ததில்லை.

அன்று மாலையே இரண்டு டெவ் கிட்டுகளில் அரட்டையைத் திறந்து, ஒருவரை மாடிப்படிக்கு அனுப்பிப் பேசச் சொன்னோம். எந்த வேலை எந்தக் கோரில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று காட்டும் ப்ரொஃபைலர் திரையில் ஏழாவது கோரின் பட்டை அதுவரை பச்சையாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அவர் “கேட்கிறதா?” என்று சொன்ன கணம் பச்சைக்கு நடுவே சாம்பல் நிறக் கட்டங்கள் விழுந்தன. சாம்பல் என்றால் இயங்குதளம் தன் நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று பொருள். அவர் பேச்சை நிறுத்தினால் கட்டங்கள் மெலிந்தன, பேசினால் தடித்தன. ஒலிபெருக்கியில் கடல் அலை பொரிந்தது.

கணக்கு எளிது. ஒலி என்பது நொடிக்கு 48,000 மாதிரிகள், அதாவது ஒலி அலையின் அளவுப் புள்ளிகள். எங்கள் திரெட் ஒரு தடவைக்கு 256 மாதிரிகளைக் கலக்கிறது. அதாவது 5.3 மில்லி விநாடிக்கு ஒருமுறை வேலையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். கோர் முழுமையாகக் கையில் இருக்கும்போது அந்த வேலைக்கு ஏறத்தாழ 3 மில்லி விநாடி பிடித்தது. நடுவே இயங்குதளம் 3 மில்லி விநாடி எடுத்துக்கொண்டால் கெடு தவறுகிறது. கெடு தவறிய இடத்தில் காதுக்குப் பொரிவது கேட்கிறது. காட்சியில் ஒரு ஃபிரேம் தாமதமானால் பலரும் கவனிக்கமாட்டார்கள். காது அப்படி விடாது.

ஏழாவது கோர் காலியாகத் தெரிந்தது உண்மை. ஆனால் அந்தக் காலி இடம் எங்களுக்கு உரியது என்று ஆவணம் எங்கும் சொல்லவில்லை. உறுதியாகக் கிடைக்கும் பங்கு இவ்வளவு, மீதி நிலைமையைப் பொறுத்தது என்று அந்த அரைப் பக்கத்திலேயே இருந்தது.

படகுகள்

இது வெளிப்பட்ட பிறகு நினைவகப் பக்கத்தையும் அதே கண்ணோடு பார்த்தோம். சோதனையாளர் என்னிடம், “டெவ் கிட் கடைக் கன்சோலைப் போலத்தானே அமைக்கப்பட்டிருக்கிறது?” என்று கேட்டார். எனக்குத் துண்டுச் சீட்டு நினைவுக்கு வந்தது. எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு அமைப்பை மாற்றினேன். நான்கு கருவிகளில் இரண்டு அன்றிரவே கோட்டை வாசலில் விழுந்தன.

எங்கள் கண்காணிப்புக் கணக்கில் துறைமுகக் காட்சி 4,300 எம்பி. அது எங்கள் நிரல் கேட்டு வாங்கியது மட்டுமே. நிரலின் உருவமும் நிலையான தரவும், ஒவ்வொரு திரெட்டுக்கும் ஒதுக்கப்படும் தற்காலிக இடம், ஒலி நூலகம் தனியாக வாங்கிக்கொண்டது, வரைகலைக் கட்டளைகளும் தொகுத்த ஷேடர்களும் (வரைகலைச் சில்லில் ஓடும் சிறு நிரல்கள்), துண்டு துண்டாகச் சிதறிப் பயன்படாமல் போன இடைவெளிகள் ஆகிய எல்லாவற்றையும் கூட்டினால் இன்னொரு 620 எம்பி. ஆக 4,920. வரம்பு 5,120. துறைமுகத்தில் நிற்கும்வரை 200 எம்பி மிச்சம், ஆபத்தில்லை.

கோட்டை வாசலில்தான் வினை. நடந்து போனால் துறைமுகத்திலிருந்து கோட்டைக்குப் போகும் சுரங்க வழியைக் கடக்க இருபது நொடிக்குமேல் ஆகும். அதற்குள் துறைமுகம் நினைவகத்திலிருந்து படிப்படியாக விடுவிக்கப்பட்டுக் கோட்டை ஏறிவிடும். ஒரு கிளைக்கதையை முடித்தவர்களுக்குக் குதிரை கிடைக்கும். குதிரையில் போனால் ஆறு நொடி. துறைமுகம் இறங்கி முடிக்கும் முன்பே கோட்டை ஏறிக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து சில நொடிகளுக்கு 700 எம்பி கூடுதல். விழுந்த இருவரும் குதிரை வைத்திருந்தவர்கள். நாங்கள் யாரும் கிளைக்கதையை விளையாடவில்லை. சோதனைக்கு நேராகக் கோட்டைக்குத் தாவும் குறுக்குவழி எங்களிடம் இருந்தது.

விழுந்த கணத்தின் நினைவகப் படத்தைத் திறந்து வைத்திருந்தோம். தலைமை ஓவியர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “கோட்டைக்குள் வந்தாகிவிட்டது. படகுகள் ஏன் இன்னும் இங்கே இருக்கின்றன?” என்றார். ஒவ்வொரு படகுக்கும் 4096-க்கு 4096 அளவில் தனி டெக்ஸ்சர், அதாவது பொருளின் மேல் போர்த்தும் படம். ஒரு புள்ளிக்கு ஒரு பைட் என்று சுருக்கிய நிலையிலும், தூரத்தில் தெரியும்போது பயன்படும் சிறிய பிரதிகளையும் சேர்த்தால், ஒரு படகுக்கு 21 எம்பிக்குமேல். 14 படகுகள். கண்ணில் படாத இடத்தில் கட்டிக்கிடந்த அந்தப் படகுகள் மட்டும் 300 எம்பியை நெருங்கின.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எல்லா டெக்ஸ்சர்களையும் ஒரு படி குறைத்துவிடலாம் என்று முதலில் பேசப்பட்டது. ஒரே நாள் வேலை. ஓவியர் மறுத்தார். அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் பட்டது: ஆறு நொடிப் பிரச்சினைக்காக இருபது மணி நேர விளையாட்டின் முகத்தை மங்கலாக்குவானேன்? பழையதை முழுமையாக விடுவித்த பிறகே புதியதை ஏற்றுவது என்று முடிவானது. குதிரையில் வருபவர்களுக்கு வாசலில் காவலர் கையைக் காட்டி நிறுத்தும் நான்கு நொடிக் காட்சி ஒன்றைச் சேர்த்தோம். அந்த நேரத்தில் துறைமுகம் இறங்கிவிடும்.

கணக்கில் வராமலிருந்த 620 எம்பிக்கு இனி கணக்குத் தாளில் தனி வரிகள். தொடக்கத்திலேயே 128 எம்பியைக் கையிருப்பாக வாங்கிப் பூட்டிவைத்தோம். வேறெங்கும் இடம் கிடைக்காதபோது மட்டும் அது திறக்கும். திறந்தால் பதிவேட்டில் எழுதும். விழாமல் தப்பியதையும் அறிய வேண்டும் என்பதே நோக்கம்.

ஒலிக் கலவையை மூன்றாவது கோருக்கு, உயர்ந்த முன்னுரிமையோடு மாற்றினோம். ஏழாவது கோருக்குக் கெடு இல்லாத வேலைகளை அனுப்பினோம்: தூரத்துக் காட்சிகளின் கோப்புகளை விரிப்பது, தானியங்கிச் சேமிப்புக்குத் தரவு தயாரிப்பது போன்றவை. அவை பத்து மில்லி விநாடி பிந்தினாலும் யாருக்கும் தெரியாது.

இதற்கு விலை இருந்தது. நொடிக்கு 30 ஃபிரேம் என்பது எங்கள் இலக்கு; ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லி விநாடி. சந்தைக் காட்சியில் அது 35-ஐத் தொட்டது. முதன்மை நிரலாளர் நிழல்களைக் குறைக்கச் சொன்னார். நிழல் வரைகலைச் சில்லின் வேலை, நெருக்கடியோ செயலியில். கடைசியில் கூட்டத்தில் நடமாடுபவர்கள் தங்கள் அடுத்த அடியை ஒவ்வொரு ஃபிரேமிலும் யோசிக்காமல் மூன்றுக்கு ஒருமுறை யோசிக்கும்படி செய்தோம். வித்தியாசம் கண்டுபிடித்தவர் எவரும் இல்லை.

பின்னர் நடந்தது

திருத்திய பதிப்பு அதே 12 பேரிடம் போனது. இம்முறை எல்லோரும் அரட்டையைத் திறந்துவைத்து, காட்சிப் பதிவையும் பின்னணிப் பதிவிறக்கத்தையும் ஓடவிட்டு விளையாட வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். கரகரப்பு வரவில்லை. கோட்டை வாசலில் யாரும் விழவில்லை. கையிருப்பு இருமுறை திறந்ததாகப் பதிவேடு காட்டியது. இரண்டும் ஒரே கப்பற்காட்சியில். அங்கே தேவையில்லாத பாய்மர டெக்ஸ்சர்கள் இருந்தன, நீக்கினோம்.

கன்சோல் நிறுவனத்தின் தர ஆய்வு ஒருமுறை திருப்பி அனுப்பியது. இவற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை; கைக்கருவியின் இணைப்பு அறுந்தால் காட்ட வேண்டிய செய்தி ஒரு திரையில் விடுபட்டிருந்தது. இரண்டாம் முறை தேறியது. வெளியீடு திட்டமிட்டதைவிட ஐந்து வாரம் தள்ளிப்போனது. ஒலி நூலகத்தைத் துருவிய ஒன்பது நாள்கள் அதில் அடங்கும்.

மறுபடி செய்தால்

டெவ் கிட் முதல் நாளிலிருந்து கடைக் கன்சோலின் அளவில் இருக்கும். பிழைத்தேடும் பதிப்பு அடங்காவிட்டால் அதற்கென்று ஒரே ஒரு கருவியை ஒதுக்கி, அதன் மேல் சிவப்பு நாடா ஒட்டுவோம். ஒவ்வொரு இரவும் கட்டப்படும் பதிப்பு, அமைப்பு மாறியிருந்தால் ஓட மறுக்கும்படி இப்போது எழுதப்பட்டிருக்கிறது, சீட்டை நம்புவதில்லை.

ஒரு கோரோ நினைவகத் துண்டோ காலியாகத் தெரிந்தால், அது யாருடையது என்று ஆவணத்தில் பார்த்த பிறகே தொடுவோம். அளவீடு எடுக்கும்போது இயங்குதளம் சும்மா இருந்ததா, வேலையில் இருந்ததா என்பதையும் அளவீட்டோடு சேர்த்து எழுதுகிறோம். வாரத்தில் ஒரு நாள், குழுவில் இருவர் வேறு வேறு அறைகளில் உட்கார்ந்து அரட்டை வழியாகவே பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள். முதலில் சிரிப்பாக இருந்தது. இரண்டாவது வாரத்திலேயே அதில் ஒரு பிழை சிக்கியது.

தீராத ஒன்றும் இருக்கிறது. 12 பேரில் ஒருவர், கன்சோலைத் தூக்க நிலையில் வைத்துப் பலமுறை எழுப்பிய பிறகு விளையாட்டு ஒருமுறை மூடிக்கொண்டதாக எழுதினார். கையிருப்பு திறக்கப்படவில்லை, ஏழாவது கோரில் அசாதாரணம் எதுவும் இல்லை, எங்களால் அதை மறுபடி நிகழ்த்திப் பார்க்கவும் முடியவில்லை. அந்தப் புகாரைச் சோதனையாளர் இன்னும் மூடவில்லை. மூட வேண்டாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.